முன்பணம் கேட்கும் டிரேடர் வேலையில் சேரலாமா?

கோவையை அடுத்த ஓர் ஊரிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் இங்கே தருகிறேன்.

இயந்திரப் பொறியியல் படித்த இவர் 2020-இல் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புரொடக்‌ஷன் சப்போர்ட் பணியில் சேர்ந்தார். கடந்த ஆண்டு ஆட்குறைப்பில் அந்த வேலை போய்விட்டது. 2021 முதல் நிஃப்டி, பேங்க் நிஃப்டி ஆகிய பங்குக் குறியீடுகளின் ஆப்ஷன்களில் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களில்) வணிகம் செய்து வந்தவர், வேலை போன பிறகு 4 லட்சம் ரூபாய் முதலுடன் அதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். தன் கணக்கைத் தவிர, தாய்மாமாவின் கணக்கையும் இரண்டு நண்பர்களின் கணக்குகளையும் லாபத்தில் 20 சதவீதம் என்ற பேச்சில் இவரே இயக்குகிறார். மும்பை, குருகிராம், பெங்களூரு நிறுவனங்களில் டிரேடர் பணிக்குத் தொடர்ந்து விண்ணப்பித்தும் ஒரு நேர்காணலுக்குக்கூட அழைப்பு வரவில்லை. இந்நிலையில் ஒரு நிறுவனம் இவரைத் தேர்வு செய்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறது. 1.5 லட்சம் ரூபாய் ‘ரிஸ்க் டெபாசிட்’ கட்ட வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. லாபத்தில் 60 சதவீதம் இவருக்கு. 2 ஆண்டு பாண்டில் (இடையில் விலகுவதில்லை என்ற ஒப்பந்தத்தில்) கையெழுத்திட்டு அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். இடத்தை உறுதி செய்ய 5,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பியும் விட்டார். மீதிப் பணத்தை, போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்ற அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அம்மா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். “என் வெற்றி விகிதம் 70 சதவீதம். அப்படியிருந்தும் ஏன் யாரும் கூப்பிடவில்லை? இந்த வாய்ப்பையும் விட்டுவிட்டால் வயது கடந்துவிடாதா? 2 லட்சம் செலவழித்து ஆல்கோ (கணினி நிரல் வழி வணிகம்) பயிற்சியில் சேர்ந்தால் வழி பிறக்குமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த மூன்று மாதக் கணக்கு அறிக்கையையும் முழுமையாகப் படித்தேன். அந்த நிறுவனம் பதில் கேட்டு அவசரப்படுத்துவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள், சான்றிதழ்களையும் கொடுக்காதீர்கள். அதற்கான காரணங்களை நீங்களே எடைபோட்டுப் பார்க்கும்படி விரிவாகவே எழுதுகிறேன்.

அவர்கள் தருவது வேலைதானா?

ஒரு நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் வணிகம் செய்ய ஆள் எடுக்கிறது என்றால், முதலும் அதனுடையது, நட்டமும் அதனுடையது. டிரேடருக்குச் சம்பளம் உண்டு. ஆண்டு முடிவில் லாபத்தைப் பொறுத்து போனஸ் உண்டு. நட்டம் வந்தால் அவருடைய வரம்பு குறைக்கப்படலாம், வேலையே கூடப் போகலாம், ஆனால் அவர் வீட்டுப் பணம் போகாது. உங்களுக்குச் சொல்லப்பட்டதில் நட்டம் முதலில் உங்கள் 1.5 லட்சத்தில் கழிகிறது. அது தீர்ந்ததும் மீண்டும் கட்டச் சொல்வார்கள் அல்லது வெளியே அனுப்புவார்கள். லாபம் வந்தாலோ 40 சதவீதம் அவர்களுக்கு. இந்த ஏற்பாட்டில் நீங்கள் அவர்களுடைய ஊழியர் அல்லர், பணம் கட்டும் வாடிக்கையாளர்.

டெபாசிட் வாங்குவது சட்டப்படி சரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனிகள் பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுவதைக் கட்டுப்படுத்தும் 2014-ஆம் ஆண்டின் விதிகளில், ஊழியரிடம் வாங்கும் பிணைத்தொகைக்கு ஒரு விலக்கு உண்டு. பணி ஒப்பந்தத்தின் கீழ், வட்டியில்லாப் பிணைத்தொகையாக, அந்த ஊழியரின் ஓராண்டுச் சம்பளத்துக்கு மேற்படாமல் வாங்கினால் மட்டுமே அந்த விலக்கு பொருந்தும். சம்பளமே இல்லை என்று அவர்களே எழுதித் தந்திருக்கும்போது, எந்தச் சம்பளத்தை அளவாக வைத்து 1.5 லட்சம் கேட்கிறார்கள்? இதை மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். நியமன ஆணை, பி.எஃப். கணக்கு, எந்த வணிகக் கணக்கில் யாருடைய பெயரில் ஆர்டர் போவது என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் பங்குத் தரகராக இருந்தால் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் இணையதளத்தில் பதிவு எண்ணுடன் பெயர் இருக்கும். தன் பணத்தை மட்டும் வேறொரு தரகர் வழியாக முதலீடு செய்யும் கம்பெனிக்குத் தரகர் பதிவு தேவையில்லை என்பதால், பெயர் இல்லாததை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ஆனால், ஆர்டர்கள் பங்குச்சந்தைக்கே போகாமல் அவர்களுடைய கணினிக்குள்ளேயே நின்றுவிடும் என்றால், அது ‘டப்பா’ வணிகம். அதில் உட்கார்ந்து ஆர்டர் போடுபவரும் குற்றவியல் நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும்.

பாண்ட் விஷயத்தில் உங்கள் நண்பர் “எந்த பாண்டும் கோர்ட்டில் நிற்காது” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வேலையை விட்ட பிறகு அதே தொழிலை வேறிடத்தில் செய்யக்கூடாது என்ற நிபந்தனையைத்தான் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு பொதுவாகச் செல்லாததாக்குகிறது. குறிப்பிட்ட காலம் பணியாற்றாமல் விலகினால் இழப்பீடு தர வேண்டும் என்ற நிபந்தனை நியாயமான அளவில் இருந்தால் செல்லும். 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது சம்பளமும் பதவியும் கொடுத்த அரசுடைமை வங்கி. சம்பளமே தராத நிறுவனத்துக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேடி வழக்கறிஞரிடம் அலையும் நிலைமை உங்களுக்கு வேண்டாம். அசல் சான்றிதழ்களைப் பொறுத்தவரை, அவை விற்பனைப் பொருள் அல்ல, அவற்றை நிலுவைக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது என்று சென்னை உயர்நீதிமன்றம் கல்லூரிகள் தொடர்பான வழக்கில் சொல்லியிருக்கிறது. நேரில் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுப்பிவிட்ட 5,000 ரூபாயைத் திருப்பித் தருமாறு பரிவர்த்தனை எண்ணுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். பணம் வராமல், ஏமாற்றும் நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணிலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். 5,000 ஏற்கெனவே போய்விட்டதே என்ற வருத்தம், மீதி 1,45,000-ஐக் கட்டுவதற்குக் காரணம் ஆகிவிடக்கூடாது.

70 சதவீத வெற்றி

இது உங்களுக்கு வருத்தம் தரலாம், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் அறிக்கையில் 140 வணிகங்கள் உள்ளன. 98-இல் லாபம், 42-இல் நட்டம். வெற்றி 70 சதவீதம் என்பது சரியே. ஆனால் லாபம் வந்தவற்றில் சராசரி 1,850 ரூபாய். நட்டம் வந்தவற்றில் சராசரி 4,100 ரூபாய். லாபங்களின் மொத்தம் 1,81,300; நட்டங்களின் மொத்தம் 1,72,200; மிச்சம் 9,100. செயலியில் பச்சை நிறத்தில் நீங்கள் பார்த்துவந்த தொகை இதுதான். தரகு, பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 15,400 ரூபாய் தனியாகப் போடப்பட்டிருக்கிறது. அதைக் கழித்தால் மூன்று மாத உழைப்பின் முடிவு 6,300 ரூபாய் நட்டம்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். அந்த 1,72,200-இல் 81,000 ரூபாய் மூன்றே நாட்களில் போயிருக்கிறது. மூன்றும் எக்ஸ்பைரி நாட்கள், அதாவது ஆப்ஷன் ஒப்பந்தம் முடியும் நாட்கள். மூன்றிலும் நட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லாட் (ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு) கூட்டி, சராசரி விலையைச் சாதகமாக்கப் பார்த்து ஆவரேஜ் செய்திருக்கிறீர்கள். ஆள் எடுக்கும் மேலாளர் உங்கள் அறிக்கையைத் திறந்தால், வெற்றி விகிதத்தைத் தாண்டி அவர் கண் முதலில் போவது இந்த மூன்று நாட்களுக்குத்தான். அவருடைய கவலை, நீங்கள் எத்தனை முறை சரியாகக் கணித்தீர்கள் என்பதில் இல்லை. தவறான பக்கம் மாட்டிக்கொண்ட நாளில், நிறுவனத்தின் பணத்தை உங்களிடம் நம்பி விட்டுவைக்கலாமா என்பதில்தான் இருக்கிறது. டிரேடர் வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே முடிவாகிறது.

இதில் நீங்கள் தனியாளும் இல்லை. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளை ஆராய்ந்து செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, பங்கு சார்ந்த எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில்) தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். செலவுகள் போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர்கள் 1 சதவீதம் மட்டுமே. அதே அறிக்கையில் உங்கள் வேலை தேடலுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு தகவலும் இருக்கிறது. 2023-24-இல் சொந்தப் பணத்தில் வணிகம் செய்த நிறுவனங்களின் மொத்த லாபம் சுமார் 33,000 கோடி. அதில் 96 சதவீதம் ஆல்கோ வழியாக வந்தது. அதாவது, லாபம் ஈட்டும் டெஸ்க்குகளில் (வணிகப் பிரிவுகளில்) மனிதர் சார்ட்டைப் பார்த்துக் கணித்துப் பொத்தானை அழுத்தும் வேலை குறைந்துவிட்டது. நிரலை எழுதுவது, கண்காணிப்பது, அது தடம் புரளும்போது நிறுத்துவது ஆகிய வேலைகளுக்கே ஆள் தேவைப்படுகிறது.

சந்தை விதிகளும் மாறிவிட்டன. 2024 நவம்பர் 20 முதல் ஒரு பங்குச்சந்தைக்கு ஒரு குறியீட்டில் மட்டுமே வாராந்திர எக்ஸ்பைரி. நீங்கள் 2022, 2023-இல் சம்பாதித்ததாகச் சொல்லும் பேங்க் நிஃப்டி வாராந்திர ஆப்ஷனே இப்போது கிடையாது. குறைந்தபட்ச ஒப்பந்த மதிப்பு 15 லட்சமாக உயர்ந்ததால் 4 லட்சம் முதலை வைத்து ஆப்ஷன் விற்பவருக்குத் தவறு செய்ய இடமே இல்லை. இந்த மாற்றங்கள் தரகு நிறுவனங்களின் வருமானத்தையும் பாதித்தன. வருமானம் குறையும் நிறுவனம் முதலில் நிறுத்துவது புதியவர்களை எடுப்பதைத்தான். ஆகவே உங்களுக்கு அழைப்பு வராததற்கு உங்கள் விண்ணப்பம் மட்டும் காரணமில்லை. ஆனால் உங்கள் விண்ணப்பத்திலும் பெரிய குறை ஒன்று இருக்கிறது.

மாமாவின் கணக்கு

“12 லட்சம் ரூபாய் கிளையன்ட் நிதியைக் கையாண்ட அனுபவம்” என்று விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் பலம் என்று நினைத்திருக்கிறீர்கள். விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் அதிகாரி அதைப் படித்தால் விண்ணப்பத்தை அங்கேயே மூடிவிடுவார். லாபத்தில் பங்கு பெற்றுக்கொண்டு பிறர் பணத்தை நிர்வகிப்பது செபியிடம் பதிவு பெற்ற போர்ட்ஃபோலியோ மேலாளர் செய்ய வேண்டிய பணி. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி அப்படிப்பட்ட மேலாளர்கூட ஒரு வாடிக்கையாளரிடம் 50 லட்சத்துக்குக் குறைந்து வாங்கக்கூடாது. சொந்த மாமாதானே, நண்பர்கள்தானே என்பது பதிவின்மையைச் சரிசெய்துவிடாது. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் பகிர்வது தரகருடன் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் முரணானது. “முதலுக்கு நான் பொறுப்பு” என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். அடுத்த குடும்ப விசேஷத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

நான்கு நாள் அவகாசம் எடுத்து, திறந்திருக்கும் பொசிஷன்களை (இன்னும் முடிக்காத வணிகங்களை) அவர்கள் முன்னிலையிலேயே மூடுங்கள். கடவுச்சொற்களை மாற்றச் சொல்லுங்கள். இதுவரையான கணக்கை எழுத்தில் கொடுங்கள். விண்ணப்பத்திலிருந்து அந்த வரியை நீக்குங்கள். நேர்காணலில் நேரடியாகக் கேட்டால் மறைக்காமல், செய்தேன், தவறு என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். தரகு நிறுவனத்தில் சேர்ந்த பிறகு உங்கள் சொந்த வணிகத்துக்கும், பல இடங்களில் நெருங்கிய உறவினர் கணக்குக்கும் முன் அனுமதியும் கட்டுப்பாடுகளும் உண்டு என்பதால், இந்தப் பழக்கத்தை எப்படியும் விட்டாக வேண்டும்.

வரிக் கணக்கு பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எஃப் அண்ட் ஓ வருமானம் தொழில் வருமானமாகக் கருதப்படும், அதற்கு ஐ.டி.ஆர்.-3 படிவம். நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். தாக்கல் செய்த படிவமும் தரகரின் கணக்கு அறிக்கையும்தான், வேலையில்லாத இடைவெளியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று. ஸ்க்ரீன்ஷாட்டுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை.

எந்த வாசல் திறந்திருக்கிறது?

அதிவேக வணிக நிறுவனங்கள் புதிய டிரேடர்களைப் பெரும்பாலும் ஐ.ஐ.டி. போன்ற வளாகங்களிலிருந்தே எடுக்கின்றன. அந்த வாசலில் நேராக நுழைவது இன்று உங்களுக்குக் கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீணாய்ப் போனதாக நீங்கள் எழுதியிருக்கும் சப்போர்ட் அனுபவத்துக்கு இந்தத் துறையில் மதிப்பு உண்டு. லினக்ஸ் சர்வரில் லாக் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தவர் நீங்கள், எஸ்.க்யூ.எல். எழுதத் தெரிந்தவர், நள்ளிரவில் அழைப்பு வந்தால் பதற்றமில்லாமல் பிரச்சினையைத் தீர்த்தவர். வணிக நிறுவனங்களில் டிரேடிங் சப்போர்ட் என்ற பணி ஏறக்குறைய இதேதான். காலை 9.15-க்குச் சந்தை திறக்கும் முன் ஆர்டர் அமைப்புகள் சரியாக இணைந்திருக்கின்றனவா, முந்தைய நாள் பொசிஷன்கள் பொருந்துகின்றனவா, மார்ஜின் (பிணையாக வைக்கும் தொகை) போதுமா என்று சரிபார்ப்பது, ஆல்கோ தடம் புரண்டால் டெஸ்க்குக்கு எச்சரிப்பது. ரிஸ்க் கண்காணிப்புப் பிரிவும் இப்படித்தான். இந்த இருக்கைகளிலிருந்து டிரேடர் இருக்கைக்கு நகர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அது நடப்பதில்லை என்பதும் உண்மை. நடக்காவிட்டாலும் கையில் இருப்பது சம்பளமுள்ள, கௌரவமான தொழில்.

இரண்டாவது வாசல் தரகு நிறுவன டீலர் பணி. வாடிக்கையாளர் சொல்லும் ஆர்டரைப் பதிவு செய்யப்படும் தொலைபேசியில் கேட்டு, பிழையின்றி நிறைவேற்றுவது. கோவையிலும் சென்னையிலும் இதற்கு இடங்கள் உண்டு. எஃப் அண்ட் ஓ பிரிவில் ஆர்டர் போட, செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் எட்டாம் வரிசைத் தேர்வான ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ் சான்றிதழ் கட்டாயம். நூறு கேள்விகள், 60 சதவீதம் தேர்ச்சி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும், சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். கட்டணம் உங்கள் ஒரு நட்டமான வணிகத்தின் சராசரியைவிடக் குறைவு. ஐந்து ஆண்டுகளாக ஆப்ஷனில் இருக்கும் நீங்கள் இதை இன்னும் எழுதாததே விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்குக் கேள்வியை எழுப்பும்.

அம்மா சொல்வதையும் எளிதில் தள்ளிவிட வேண்டாம். வங்கிகளின் கருவூலப் பிரிவில் அரசுப் பத்திரங்களையும் அந்நியச் செலாவணியையும் வாங்கி விற்கும் டீலர்கள், பெரும்பாலும் உள்ளேயிருக்கும் அதிகாரிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வங்கித் தேர்வு என்பது வணிகத்துக்கு முழுக்குப் போடுவது ஆகாது. சுற்றுவழிதான், ஆனால் சம்பளத்துடன் போகும் வழி.

2 லட்சம் ரூபாய் ஆல்கோ பயிற்சி வேண்டாம் என்பேன். பைத்தான், புள்ளியியல், நிகழ்தகவு ஆகியவற்றைப் புத்தகமும் இலவசப் பாடங்களும் கொண்டே கற்கலாம். உங்களுக்கு அதற்கான அடிப்படை இருக்கிறது. ‘லைவ் மார்க்கெட்டில் கற்றுத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. கல்வி மட்டும் அளிப்பவர்கள் கடந்த 3 மாத விலைத் தரவுகளைப் பயன்படுத்திப் பங்குகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியது. சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டுப் பகுப்பாய்வுச் சான்றிதழ் நல்ல படிப்பு, ஆனால் அது ஆராய்ச்சி, நிதி மேலாண்மைப் பக்கம் போகிறவர்களுக்கு.

நேர்காணலில் சார்ட் பற்றிய கேள்விகளைவிட இப்படிப்பட்ட ஒன்றை எதிர்பாருங்கள். ஒரு பகடையை உருட்டினால் விழும் எண் அளவுக்கு ரூபாய் கிடைக்கும். பிடிக்கவில்லையென்றால் ஒரே ஒரு முறை மீண்டும் உருட்டலாம், இரண்டாவது விழுவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டத்துக்கு நியாயமான விலை என்ன? ஒரு முறை உருட்டினால் சராசரி 3.50. ஆகவே 1, 2, 3 விழுந்தால் மீண்டும் உருட்டுவது லாபம். 4, 5, 6 விழுந்தால் நிறுத்துவது லாபம். பாதி வாய்ப்பில் சராசரி 5, மீதிப் பாதியில் 3.50, விலை 4.25 ரூபாய். விடையைச் சொன்னதும் விடமாட்டார்கள். வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்லுங்கள் என்பார்கள், நீங்கள் 4.10, 4.40 என்றால், 4.40-இல் தொடர்ந்து வாங்கிக்கொண்டே போய், எப்போது விலையை ஏற்றுகிறீர்கள் என்று கவனிப்பார்கள். காரணம் இல்லாமல் பிடிவாதமாக இருக்கிறவரும், முதல் அதட்டலிலேயே விலையை மாற்றுகிறவரும் அங்கேயே தெரிந்துவிடுவார்கள். தினமும் அரை மணி நேரம் இத்தகைய கணக்குகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஆட்குறைப்பைப் பற்றிக் கேட்டால், “நிறுவனம் ஆட்களைக் குறைத்தது, அதில் நானும் ஒருவன்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, பணிவிடுப்புக் கடிதத்தைக் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுற்றிவளைத்துச் சொல்வதுதான் சந்தேகத்தைத் தரும். டீலர், சப்போர்ட், ரிஸ்க் பணிகளுக்கு 27 வயது தாமதமே இல்லை.

அடுத்த சில மாதங்களுக்கு வீட்டுச் செலவை வணிகத்திலிருந்து எடுக்கும் ஏற்பாட்டையும் நிறுத்துங்கள். மாத இறுதியில் வாடகைக்கும் தவணைக்கும் பணம் தேவைப்படுகிறவர் எக்ஸ்பைரி நாளில் லாட் கூட்டாமல் இருப்பது மிகவும் கடினம். உங்கள் மூன்று நாட்களும் மாதக் கடைசியை ஒட்டியே இருக்கின்றன. முன்னிருந்ததைவிடக் குறைந்த சம்பளத்தில் எந்த மென்பொருள் சப்போர்ட் வேலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வணிகத்தைத் தொடர்வதாக இருந்தால் நட்ட வரம்புள்ள ஒரே ஒரு லாட் மட்டும். ஒவ்வொன்றிலும் ஏன் நுழைந்தீர்கள், எங்கே வெளியேறத் திட்டமிட்டீர்கள், எங்கே வெளியேறினீர்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். என்.ஐ.எஸ்.எம். தேர்வுக்கு இந்த வாரமே தேதி பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சான்றிதழையும், ஆவரேஜ் செய்யாத கணக்கு அறிக்கையையும் வைத்துக்கொண்டு டிரேடிங் சப்போர்ட், ரிஸ்க் பணிகளுக்கு மீண்டும் விண்ணப்பியுங்கள். அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.